செந்திலின் மாத்திரைக் குப்பி

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். பார்மசி படித்தவள், எண்ணிப் பார்த்ததைத்தான் நம்புவேன். நீங்கள் நம்பாவிட்டாலும் சரி, நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

டெக்சஸில், கேட்டி என்கிற ஊரில் ஒரு கிளினிக்கில் எனக்கு வேலை. கோகெய்ன் பழக்கத்தை விட உதவுமா என்று ஒரு புது மாத்திரையைச் சோதித்துக்கொண்டிருந்தோம். பாதிப் பேருக்கு மருந்து, மீதிப் பேருக்கு மருந்தில்லாத மாத்திரை, யாருக்கு எது என்று எங்களுக்கும் தெரியாது. குப்பி மூடியில் ஒரு சிப் இருக்கும், திறந்தால் அந்த நேரம் எங்கள் கம்ப்யூட்டரில் பதிவாகிவிடும்.

செந்தில் ஈரோட்டுக்காரன், ஐ.டி. வேலை, தூங்காமல் வேலை பார்க்க என்று ஆரம்பித்த கோகெய்ன் பழக்கம், மனைவி கவிதா கண்டுபிடித்து எங்களிடம் கூட்டிவந்தாள். தினமும் காலை ஏழு பத்துக்குக் குப்பியைத் திறப்பான், ஒரு நாள் தவறியதில்லை. இரண்டு மாதமாக யூரின் டெஸ்டில் எதுவும் இல்லை. ஒருமுறை என்னிடம் சொன்னான்: "அக்கா, இது வெறும் மாவா இருந்தாக்கூடப் பரவால்லீங்க. பாதியில நிறுத்தச் சொல்லிராதீங்க."

ஒரு வெள்ளிக்கிழமை ஃப்ரீவேயில் ட்ரக் மோதிப் போய்ச் சேர்ந்துவிட்டான்.

பத்து நாள் கழித்து, திங்கட்கிழமை, கவிதா குப்பியைத் திருப்பிக் கொடுக்க வந்தாள். அழவில்லை. எனக்கும் அழுகை வரவில்லை, அவள் எதிரிலேயே மாத்திரைகளை எண்ணினேன், பதினேழு. "ஒரு நாளும் விடலைங்க, அத எழுதிக்குங்க" என்றாள். எழுதிக் கையெழுத்துப் போட்டு, குப்பியை அலமாரியில் வைத்துப் பூட்டினேன். சாவி என்னிடமும் சூப்பர்வைசர் லிண்டாவிடமும் மட்டும்தான்.

அடுத்த திங்கள் அவன் ஃபைலை முடிக்கலாம் என்று கம்ப்யூட்டரைத் திறந்தால், செவ்வாயிலிருந்து அன்றுவரை தினமும் ஏழு பத்துக்குக் குப்பி திறந்ததாகப் பதிவு. கிளினிக் திறப்பதே எட்டரைக்கு, அதுவும் நடுவில் சனி ஞாயிறு வேறு. சிப் கெட்டுவிட்டது என்றுதான் நினைத்தேன். லிண்டாவைக் கூப்பிட்டு அலமாரியைத் திறந்து எண்ணினேன். பத்து. லிண்டா எண்ணினாள். பத்து.

அன்றே குப்பியைப் பையில் போட்டு சீல் வைத்து மருந்து கம்பெனிக்கு அனுப்பிவிட்டோம். அதற்கப்புறமும் பதிவு வந்தது, சரியாகப் பத்து நாள். பிறகு நின்றுவிட்டது.

சிப் கோளாறு, முதல் தடவை நான் தப்பாக எண்ணியிருக்கிறேன் என்று கம்பெனிக்காரர்கள் அறிக்கை எழுதினார்கள், நானும் கையெழுத்துப் போட்டேன். அதிலேயே கடைசியில் ஒரு வரி இருந்தது: பை சீல் உடையாமல் வந்து சேர்ந்தது, இரண்டு வாரம் கழித்துப் பிரித்தபோது உள்ளே குப்பி காலி.

கவிதாவிடம் இன்னும் சொல்லவில்லை. கடையில் எதிரே வந்தால் வேறு வரிசைக்குப் போய்விடுகிறேன்.