மலையில் நின்ற இடங்கள்

எங்கள் அத்தைக்கு மூச்சு கொஞ்சம் குறைவு. அதை வெளியே சொல்லக்கூடாது என்பது வீட்டில் சட்டம்.

அப்பாவின் ஒரே தங்கை. எங்களோடுதான் இருந்தாள். டிபி வந்து ஒரு வருஷம் ஆஸ்பத்திரியில் கிடந்து, குணமாகித் திரும்பியவள். இனிமேல் ஒன்றுமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். நாங்கள் குடியிருந்த சிராங்கூன் ரோட்டில் டாக்டர் பேச்சை யார் கேட்கிறார்கள். பெண் பார்க்க வந்த ஒரு குடும்பம், யாரோ காதில் போட்டதும், ஊற்றிய காப்பியைக் குடிக்காமல் எழுந்து போனது. அந்தக் காப்பியை நான்தான் குடித்தேன். சீனி அதிகம். அதற்குப் பிறகு சட்டம் இன்னும் கடுமையானது.

அப்பா ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியில் துரைக்குக் கார் ஓட்டினார். கம்பெனிக்குக் கேமரன் மலையில் ஒரு பங்களா உண்டு. பள்ளி விடுமுறைக்குத் துரைமார் குடும்பத்தோடு அங்கே போவார்கள். அந்த வருஷம் இரண்டு துரை, இரண்டு கார். இரண்டாவது காரை ஓட்டியவர் இளவயதுக்காரர், கல்யாணமாகாதவர். சமையலுக்கு அம்மா, கூடமாட உதவிக்கு அத்தை, விட்டுவிட்டு வர இடமில்லாததால் நான். நாங்கள் சாமான் வேனில் போனோம். மலையடிவாரத்துத் தாப்பாவைத் தாண்டியதும் ரோடு வளைந்து வளைந்து ஏறியது. நான் வழியெல்லாம் வாந்தி எடுத்தேன்.

அத்தையைக் கூட்டிவந்தது வெங்காயம் உரிக்க மட்டுமல்ல என்று எனக்கே தெரியும். அந்த டிரைவர் அவளைப் பார்க்க வேண்டும், பிடித்துப்போக வேண்டும். அது அப்பாவின் யோசனை. நோய் விஷயத்தைக் கல்யாணத்துக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பதும் அவர் யோசனைதான்.

ஞாயிற்றுக்கிழமை துரைமார் கோல்ஃப் ஆடப் போய்விட்டார்கள். நாங்கள் பங்களாவின் பின்பக்கம் உட்கார்ந்திருந்தோம். எதிரே ஒரு மலை.

"அதுமேல ஏறிப் பாத்தா என்ன?" என்றாள் அத்தை.

அப்பா கண்ணாலேயே வேண்டாம் என்றார். அத்தை அவர் பக்கம் திரும்பவில்லை. "இவ்ளோ தூரம் வந்துட்டு ஏறாமப் போறதாண்ணே?"

"நானும் வர்றேன்" என்றார் டிரைவர். காலில் சப்பாத்தை மாட்டிக்கொண்டார்.

இரண்டு பேரை மட்டும் அனுப்ப முடியுமா? அதற்கு நான் இருந்தேன். அம்மா என் சடையை இறுக்குவதுபோலக் குனிந்து காதில் சொன்னாள். "அத்த கைய விடாத. ஆஸ்பத்திரி பேச்ச எடுத்தே, தோல உரிச்சிடுவேன்."

மலைக்குச் சின்னப் பாதைதான். ஈரம். மரமெல்லாம் பாசி. எனக்கு ஓட வேண்டும் போலிருந்தது. அத்தை விடவில்லை. கொஞ்சம் ஏறியதும் நின்றாள். "அந்த மரத்துல குருவி பாரு." நான் பார்த்தேன். குருவி இல்லை. இன்னும் கொஞ்சம் ஏறினோம். ஒரு பூவைக் காட்டி நின்றாள். அப்புறம் குடுவைபோல் தொங்குகிற ஒரு செடி. அதற்குள் தண்ணீர் இருக்கிறதா என்று நான் எட்டிப் பார்க்க வேண்டுமாம். நான் பார்த்துச் சொல்லும்வரை நிற்பாள். அவள் கை என் கைக்குள் வேர்த்திருந்தது. அந்தக் குளிரில்.

பாறை ஒன்றைத் தாண்டியதும் காட்ட எதுவும் அகப்படவில்லை. அத்தை அவரிடம் சொன்னாள். "பாப்பாவுக்குக் கால் வலிக்குதாம். கொஞ்சம் நிப்போம்."

எனக்கு வந்த கோபம். "எனக்கு ஒன்னும் வலிக்கல. அத்ததான் அப்பல இருந்து..."

"இருங்க இருங்க" என்றார் அவர். "சப்பாத்துல கல்லு பூந்துருச்சு லா." பாறையில் உட்கார்ந்து கயிற்றை அவிழ்த்தார். ஒரு சப்பாத்தைக் கழற்றிக் கவிழ்த்துத் தட்டினார். பிறகு அடுத்ததையும். நான் பக்கத்திலேயே நின்று பார்த்தேன். ஒரு கல்லும் விழவில்லை. அவசரமில்லாமல் கயிறு கட்டினார். அதற்குள் அத்தையின் முகம் தெளிந்துவிட்டது. அதற்கு மேல் அடிக்கடி அவருக்குக் கல் புகுந்தது. கார் ஓட்டுகிறவருக்கு நடக்கத் தெரியவில்லை என்று முடிவு செய்துகொண்டேன்.

ஒருவழியாக உச்சிக்குப் போனோம். கீழே தேயிலைத் தோட்டம், சின்னதாகப் பங்களா. நான் கல் பொறுக்கிக் கீழே எறிந்துகொண்டிருந்தேன். அத்தை ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பேசும் அளவுக்கு மூச்சு வந்ததும் பேசினாள்.

"ஒன்னு சொல்லணும். அண்ணன் சொல்லக்கூடாதுன்னாரு. நான் ஒரு வருஷம் ஆஸ்பத்திரியில இருந்தேன். டிபி."

எனக்கு உயிர் போய்விட்டது. தோல் என்னுடையது. நான் இல்லை, அத்தைதான் சொன்னாள் என்று அம்மாவிடம் எப்படி நிரூபிப்பது?

"தெரியும்" என்றார் அவர்.

"யாரு சொன்னா?"

"சொல்லணுமா? அப்ப ஞாயிறு ஆனா உங்கண்ணன் சூப்புத் தூக்கைக் கார்ல வச்சுகிட்டு எங்க போவாருன்னு கம்பெனி டிரைவர் எல்லாருக்கும் தெரியும். ஒருநாள் கார்லயே கொட்டிட்டாரு. ரெண்டு பேரும் சேந்துதான் கழுவுனோம்."

அத்தை மரத்திலிருந்து கையை எடுத்தாள். "தெரிஞ்சிருந்தா, ஏற வேணாம்னு சொல்லியிருக்கலாம்ல?"

"நீங்க ஏறணும்னு சொன்னீங்க."

அவ்வளவுதான் அவர் சொன்னது. அத்தை சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. அவர் திட்டவும் இல்லை, கோபிக்கவும் இல்லை. அழ என்ன இருக்கிறது? சட்டத்தை மீறியதற்குப் பயந்து அழுகிறாள் என்று நினைத்தேன். "நான் அம்மாகிட்ட சொல்ல மாட்டேன் அத்தே" என்றேன். அவள் என்னை இழுத்து இடுப்போடு அணைத்துக்கொண்டாள்.

"பனி இறங்குது. போலாம்" என்றார் அவர்.

இறக்கத்தில் யாருக்கும் மூச்சு வாங்காது. அது எனக்கே தெரியும். அப்படியும் நின்றார்கள். குடுவைச் செடியிடம் நின்றார்கள். பாறையில் உட்கார்ந்தே விட்டார்கள். குருவி இல்லாத மரத்தடியில் வெகுநேரம். கீழே பங்களாவின் பின்வாசலில் அப்பா வந்து நின்று மலையையே பார்த்துக்கொண்டிருந்தது தெரிந்தது. எனக்குப் பசி.

"இப்ப யாருக்குக் கால் வலிக்குது?" என்று கேட்டேன்.

"எனக்குத்தான்" என்றார் அவர்.

"எனக்கும்" என்றாள் அத்தை.

கால் வலிக்கிறவர்கள் எதற்குச் சிரிக்கிறார்கள் என்று எனக்கு விளங்கவில்லை.