மெடிக்கல் முடியும்வரை

திங்கட்கிழமை காலைகளில் என்னுடைய முதல் வேலை கண்ணாடித் தட்டுகளில் களி ஊற்றுவது. ஊரில் இருக்கிற நீங்கள் இதை வாசித்தால் சிரிப்பீர்கள். ஐம்பது வயது தாண்டிய ஒருத்தி ரொறன்ரோவில், ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில், சம்பளத்துக்குக் களி கிண்டுகிறாள். இது சாப்பிடுகிற களி இல்லை. உயிரணுக்களை வளர்ப்பதற்கான ஜெல். ஒரு தட்டு மூளையின் மென்மையில் இருக்க வேண்டும். இன்னொன்று ஈரலின் பதத்தில், அடுத்தது பெண்ணின் மார்பின் பதத்தில், கடைசி புற்றுக்கட்டியின் இறுக்கத்தில். ஒரே வகை உயிரணுக்களை எல்லாத் தட்டுகளிலும் விடுவார்கள். மென்மையான தட்டில் அவை உருண்டையாக, ஒரு சோலிக்கும் போகாமல் கிடக்கும். இறுகிய தட்டில் கைகால் முளைத்ததுபோலப் பரந்து, இடம்விட்டு நகர்ந்து, பெருகத் தொடங்கும். உயிரணுக்கள் தாங்கள் நிற்கிற இடத்தை ஓயாமல் தடவிப் பார்க்கின்றனவாம். இடம் இறுகினால் அவற்றின் குணமும் மாறிவிடுகிறதாம். ஆராய்ச்சிக்கூடத்தின் தலைவி கிளேயர் இதை எனக்கு முதல்முறை விளங்கப்படுத்தியபோது பெரிய அதிசயத்தைச் சொல்வதுபோலச் சொன்னாள். யுத்த காலத்தில் கொழும்பில் குடியிருந்த எனக்கு அதில் அதிசயம் ஒன்றும் தெரியவில்லை.

சில மாதங்களுக்கு முன்பு பொதுமக்களுக்குக் கூடத்தைத் திறந்துவிட்ட நாளன்று, வருகிறவர்கள் தொட்டுப் பார்ப்பதற்காக ஜெல் தட்டுகளை மேசையில் அடுக்கினோம். கண்ணை மூடிக்கொண்டு எது கட்டி என்று விரலால் கண்டுபிடிக்க வேண்டும், அதுதான் விளையாட்டு. முதலில் நீ செய்து பார் என்று கிளேயர் என்னைப் பிடித்தாள். நான் காய்ச்சியதுதான், எனக்குத் தெரியாததா? ஆனால் கண்ணை மூடிக்கொண்டு நான்காவது தட்டை அழுத்தியவுடன் கையைச் சடாரென்று இழுத்துவிட்டேன். "குளிராக இருக்கிறதா?" என்று கிளேயர் கேட்டாள். ஓம், சரியான குளிர் என்றேன். இந்த நாட்டில் எந்த வேதனையையும் குளிரின் தலையில் போட்டுவிடலாம். ஒருவரும் மேற்கொண்டு கேட்க மாட்டார்கள்.

அந்தப் பதத்தை என் விரல் முதலில் அறிந்தது கொழும்பு வெள்ளவத்தையில். தொண்ணூறுகளின் நடுப்பகுதி. அப்பா இல்லை. அண்ணா கனடாவிலிருந்து அம்மாவையும் என்னையும் ஸ்பொன்சர் பண்ணியிருந்தான். நாங்கள் யாழ்ப்பாணத்திலிருந்து ஆளுக்கொரு பையோடு வந்து, கடற்கரைக்கு இறங்குகிற ஓர் ஒழுங்கையில், அன்ரி ஒருவரின் வீட்டு மேல்மாடியில் ஓர் அறை எடுத்து இருந்தோம். அந்த ஒழுங்கையில் முக்கால்வாசிச் சனம் எங்களைப் போலத்தான், ஏதோ ஒரு நாட்டுக்காகக் காத்திருந்தது. மரக்கறிக் கடையிலும் கோயிலிலும் "சாப்பிட்டாச்சோ" என்று கேட்பதற்குப் பதிலாக "மெடிக்கல் வந்திட்டுதோ" என்று கேட்டார்கள். விசாவுக்கு முன்னான வைத்தியப் பரிசோதனையைத்தான் அப்படிச் சொல்வது. அதைப்பற்றி ஆளுக்கொரு கதை வைத்திருந்தார்கள். நெஞ்சு எக்ஸ்ரே படத்தில் நிழல் விழுந்து ஒருவருடைய பயணம் நின்றுபோனதாம்; இன்னொரு குடும்பத்தில் தாய்க்குச் சீனி கூடவென்று முழுப்பேரையும் மறித்துவிட்டார்களாம். உண்மையோ பொய்யோ, எங்கள் ஒழுங்கையில் இருமல் வந்தவர்கள்கூட வாயைப் பொத்திக்கொண்டுதான் இருமினார்கள்.

ஒரு நாள் காலை அம்மா குளித்துவிட்டு வந்து கதவைத் தாழ்ப்பாள் போட்டார். சட்டையை விலக்கி என் கையைப் பிடித்து இடது மார்பில் வைத்தார்.

"தொட்டுப் பார். நோகேல்லை. ஆனா அசையுதில்லை."

நாவல் விதையளவில், கல்லைப்போல ஒன்று. "டொக்டரிட்டப் போவம் அம்மா" என்றேன்.

"உனக்கென்ன விசரே? ஆஸ்பத்திரியில பதிஞ்சா அது மெடிக்கலுக்குத் தெரிய வரும். என்னால உன்ர பயணமும் நிண்டிடும். மெடிக்கல் முடியட்டும், பிறகு பாப்பம். அண்ணாவுக்கும் மூச்சு விடாதை."

எனக்கு அப்போது இருபத்துநான்கு வயது. சின்னப் பிள்ளை இல்லை. அழுது புரண்டு கூட்டிக்கொண்டு போயிருக்கலாம். அம்மா சொன்னதற்காக மட்டும் நான் பேசாமல் இருக்கவில்லை. எனக்கும் போகவேண்டும் என்று இருந்தது. இதை இத்தனை வருடத்தில் ஒருவருக்கும் சொன்னதில்லை, இப்போது எழுதிவிட்டேன்.

இரண்டு கிழமை கழித்துக் காலி வீதியில் பஸ்ஸை மறித்து எல்லோரையும் இறக்கினார்கள். அது வழக்கம். பெண்களைச் சாக்குத் திரைக்குப் பின்னால் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு ஒரு பெண் பொலிஸ் தடவிப் பார்ப்பாள். என்னைவிட இரண்டு வயது கூட இருக்கலாம், மெலிந்த பெண். அவளுடைய கை அம்மாவின் நெஞ்சில் வந்து நின்றது. "மே மொகக்த?" என்றாள், இது என்னவென்று. அவளுடைய முகம் இறுகிவிட்டது. அந்த நாட்களில் அந்தக் கேள்விக்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியும், உடம்பில் குண்டு கட்டியிருக்கிறதா என்பதுதான். அம்மா "லெடக், மிஸ்" என்றார், வருத்தம், ஒரு நோய் என்று. அவள் திரையை இழுத்து மூடி, சட்டையை விலக்கிப் பார்த்து, விரலால் மெதுவாக அழுத்தினாள். பிறகு "அம்மே, தொஸ்தரட்ட பென்னுவத?" என்று கேட்டாள். டொக்டருக்குக் காட்டினீர்களா என்று. அம்மா என்னைப் பார்த்தார். நான் முந்திக்கொண்டு "ஓவ், ஓவ்" என்று தலையாட்டினேன். அவள் நம்பவில்லை. கொழும்பில் தங்குகிற தமிழர்கள் வைத்திருக்க வேண்டிய பொலிஸ் பதிவுத் தாளை எங்களிடம் வாங்கி, அதிலிருந்த முகவரியைத் தன்னுடைய சின்னக் கொப்பியில் எழுதிக்கொண்டு விட்டுவிட்டாள்.

முகவரியை எழுதினால் பிறகு என்ன நடக்கும் என்று எங்கள் சனத்துக்கு ஒருவரும் சொல்லித்தரத் தேவையில்லை. மூன்றாம் நாள் நடுப்பகலில் அவள் வீட்டுக்கு வந்தாள், சீருடையோடு. நான் ஜன்னலால் கண்டுவிட்டு அம்மாவைக் கழிவறைக்குள் தள்ளிப் பூட்டினேன். கீழே அன்ரி சத்தியம் பண்ணாத குறையாக அவர்கள் கோயிலுக்குப் போய்விட்டார்கள் என்றார். அவள் ஒரு காகிதத் துண்டைக் கொடுத்துவிட்டுப் போனாள். முழுக்கச் சிங்களத்தில் எழுதியிருந்தது. கடைக்குப் போய் வருகிற அளவுக்கு எங்களுக்குச் சிங்களம் கதைக்கத் தெரியும். வாசிக்க அன்ரியோடு சேர்த்து மூன்று பேருக்கும் தெரியாது. ஆரிடமாவது வாசிப்பிக்கலாம் என்றால், வாசிக்கிற ஆளுக்கு விசயம் தெரிந்துவிடும். அன்ரிக்கோ எங்களைவிடப் பயம். "பிள்ளை, குறை நினைக்காதேங்கோ. எனக்கும் ரெண்டு பெடியள் இருக்கிறாங்கள். இண்டைக்கே வேற இடம் பாருங்கோ" என்றார். அன்று பின்னேரமே நகரத்தின் மறுமுனையில் ஜிந்துப்பிட்டியில், கோயிலுக்குப் பின்னால், தெரிந்த ஒருவரின் வீட்டில் திரை மறைத்த ஒரு மூலைக்குப் போய்விட்டோம். அந்தத் துண்டைக் கிழிக்கவும் துணிவில்லை. அழைப்பாணையாக இருந்து, பிறகு எங்கே என்று கேட்டால்? அம்மா அதை மடித்துத் தன்னுடைய பாஸ்போட் உறைக்குள் வைத்தார்.

அங்கே இருந்த ஐந்து மாதத்தில் கட்டி எலுமிச்சங்காய் அளவுக்கு வந்தது. கடைசியில் மெடிக்கலும் வந்தது. அம்மா அன்று இரண்டு சட்டை போட்டுக்கொண்டார். டொக்டர் தமிழர், வயதானவர், மரியாதையான மனிதர். இரத்தம், சலம், நெஞ்சுப் படம் எல்லாம் முடித்துவிட்டுப் பேனையைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"வேற வருத்தம் ஏதும் இருக்கே அம்மா? வீக்கம், கட்டி, அப்படி ஏதும்?"

"ஒண்டுமில்லை டொக்டர்."

அவர் என்னைப் பார்த்தார். "அம்மா நல்ல சுகமா இருக்கிறா" என்றேன். அவர் எழுதிக்கொண்டார்.

விசா குத்திக் கடவுச்சீட்டுகள் வந்த பிறகு எங்களுக்குப் புதிய பயம் பிடித்தது. அந்தத் துண்டு அழைப்பாணையாக இருந்து, நாங்கள் போகாமல் விட்ட குற்றத்துக்கு எயார்போட்டில் மறித்தால்? நீதிமன்றங்கள் இருக்கிற புதுக்கடைப் பகுதியில் ஒரு சட்டத்தரணியிடம் வேலை செய்த கிளாக்கர் ஒருவரைப் பிடித்தோம். நீதிமன்றத்துக்கு முன்னால் இருந்த தேத்தண்ணிக் கடையில் வைத்து அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார். ஒருமுறை வாசித்தார். திருப்பியும் வாசித்தார்.

"பிள்ளை, இது பொலிஸ் கடிதமில்லை. புதன்கிழமை காலமை ஆஸ்பத்திரிக் கிளினிக்குக்கு வரட்டாம். வார்ட்டில தன்ர அக்கா நேர்சா இருக்கிறாவாம், அவவின்ர பேரைச் சொன்னா லைனில நிக்கத் தேவையில்லையாம். தன்ர அம்மாவும் இப்பிடித்தான் காட்டாமல் விட்டுச் செத்தவவாம். பயப்பிடாமல் வரட்டாம் எண்டு கடைசியில எழுதியிருக்கு."

கிளாக்கர் துண்டைத் திருப்பித் தந்தார். யாருக்கு வருத்தம் என்று அவர் கேட்கவில்லை. அம்மா தேத்தண்ணியை ஆற்றிக்கொண்டிருந்தார். "பாவம் அந்தப் பிள்ளை. எவ்வளவு தூரம் நடந்து வந்திருப்பாள்" என்றார். அவ்வளவுதான். இப்போதாவது போவோம் என்று நான் கெஞ்சினேன். பயணத்துக்குப் பதினொரு நாள் இருந்தது. "இனி என்ன, அங்க போய்க் காட்டுவம்" என்றார் அம்மா. நாங்கள் பயந்து ஓடியது எங்களைக் காப்பாற்ற வந்த ஒருத்திக்கு. ஓடியதற்கு எங்களிடம் நியாயம் இருந்தது. அது இன்றைக்கும் எனக்கு ஆறுதலாக இல்லை.

இங்கே வந்து இறங்கிய கிழமையே அண்ணா அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். வெட்டினார்கள், மருந்து ஏற்றினார்கள், கதிர் வைத்தார்கள். ஒரு வருடத்துக்குப் பிறகு அது மூளைக்குப் போய்விட்டது. அம்மா கட்டிலில் ரொறன்ரோவிலும் நினைவில் காலி வீதியிலுமாக இருந்தார். வெள்ளைச் சீருடையோடு யார் உள்ளே வந்தாலும் எழும்பி நின்று இரண்டு கைகளையும் பக்கவாட்டில் விரித்துக்கொள்வார். ஒரு தாதி, நல்ல பெண், அம்மா தன்னைக் கட்டிப்பிடிக்க வருகிறார் என்று நினைத்து, சிரித்துக்கொண்டே வந்து அணைத்துக்கொண்டாள். அம்மாவின் உடம்பு தடிபோல விறைத்து நின்றது. "உங்கள் அம்மாவுக்கு எவ்வளவு பாசம்!" என்று அவள் என்னிடம் சொன்னாள். நான் ஓம் என்றேன். அதற்குப் பிறகு அந்த வார்ட்டில் எல்லோரும் அம்மாவை அணைக்கத் தொடங்கினார்கள். ஒவ்வொரு முறையும் அம்மா சோதனை முடிகிறவரை கண்ணை மூடிக்கொண்டு நின்றார். மாசி மாதத்தில் இறந்துபோனார்.

எனக்கு இன்றைக்கும் காலையில் எழும்பியவுடன் கை தானாக மார்புக்குப் போகிறது. ஒரு நாளில் ஐந்தாறு தரம். குடும்ப வைத்தியர் அதைப் பதற்றம் என்று சொல்லி மாத்திரை எழுதித் தந்திருக்கிறார். மாத்திரை போட்டால் நித்திரை வருகிறது, கை மட்டும் நிற்பதில்லை. பொதுமக்கள் வந்த நாளுக்கு அடுத்த நாள், கிளேயர் தனியாக இருந்த நேரம் பார்த்து, என் கேள்வியைக் கேட்டேன். ஒரு கட்டி விரலுக்குப் படுகிற அளவுக்கு இறுகியபின் ஐந்து மாதம் பிந்தினால் அந்த ஐந்து மாதந்தான் ஆளைக் கொல்லுமா? அவள் விஞ்ஞானிகளைப்போலப் பதில் சொன்னாள். விரலுக்குப் படுவதற்குப் பல வருடம் முன்பே அது தொடங்கியிருக்கலாம். அப்போதே பரவியுமிருக்கலாம், பரவாமலும் இருந்திருக்கலாம். ஒரு தனி ஆளை வைத்துச் சொல்ல முடியாது. பிறகு "யாருக்கு?" என்று கேட்டாள். இருபத்தைந்து வருடத்துக்கு மேல் கழித்து முதல்முறையாகச் சொன்னேன். என் அம்மாவுக்கு, நான் மறைத்தேன்.

கிளேயர் என்னைத் தேற்றவில்லை. அதற்காக அவளுக்கு நன்றி. எந்த ஆஸ்பத்திரியில் வெட்டினார்கள் என்று கேட்டாள். சொன்னேன். வெட்டியெடுத்த சதையை மெழுகில் பதித்து அவர்கள் பல வருடம் வைத்திருப்பார்கள், லேசில் எறிய மாட்டார்கள், அம்மாவினதும் இருக்கக்கூடும் என்றாள். மெழுகில் கிடப்பதில் இறுக்கத்தை அளக்க முடியாது; ஆனால் கட்டியைச் சுற்றி நார்கள் எப்படி நெருங்கி நின்றன என்பதைச் சாயம் போட்டுப் பார்க்கலாம். குடும்பம் சம்மதித்தால் ஆராய்ச்சிக்கும் எடுக்கலாம். அண்ணாவும் நானும் எழுதிக் கேட்டோம். பதில் வந்தது. அம்மாவின் பெயரை அரைவாசி பிழையாக எழுதி, இலக்கம் போட்டு, மூன்று மெழுகுத் துண்டுகள் நிலக்கீழ் அறையில் இருக்கின்றன என்று.

அம்மாவின் சாம்பலை யாழ்ப்பாணத்தில், கீரிமலைக் கடலில் கரைக்க வேண்டும் என்று அண்ணா அம்மா இறந்த வருடமே கொண்டுபோனான். யுத்தத்தால் ஊருக்குப் போகிற பாதை பூட்டியிருந்தது. நாலு நாள் கொழும்பில் காத்திருந்துவிட்டு, வெள்ளவத்தையில், தண்டவாளத்தைக் கடந்து இறங்கி, கல்லுகளுக்கு நடுவில் கடலில் கரைத்துவிட்டு வந்தான். ஊருக்குப் போகமுடியாத அம்மா அங்கேயே நின்றுவிட்டார். எதைக் கண்டால் இந்த நாடு எங்களை உள்ளே விடாது என்று நடுங்கி, இரண்டு சட்டைக்குள் ஒளித்து வைத்தோமோ, அதைத்தான் இந்த நாடு இலக்கம் போட்டுப் பத்திரமாக வைத்திருக்கிறது. மெழுகுத் துண்டுகளை ஆராய்ச்சிக்குக் கொடுப்பதற்கு ஆஸ்பத்திரி அனுப்பிய சம்மதக் கடிதத்தின் கடைசிக் கேள்வி, "இறந்தவர் நிரந்தரமாக வசித்த இடம்" என்று இருந்தது. அந்தக் கோட்டில் இன்னும் ஒன்றும் எழுதவில்லை.