சென்னையில் செய்ததாகச் சொன்ன கார்

உதயாவின் பழைய ஸ்விஃப்ட், சித்தூர்–திருப்பதி சாலையில் விலையுயர்ந்த கார்களையெல்லாம் பின்னால் தள்ளிவிட்டுப் போகும். அதற்கு வேகம் கூட்டும் டர்போவைப் பூட்டியவன் நாகேந்திரன். கங்காதர நெல்லூர்ப் பக்கம் காலனியில் உதயாவுக்கு அடுத்த வீட்டுக்காரன். தகர ஷெட்டில் மெக்கானிக் வேலை. டர்போவையும் என்ஜினையும் இணைக்கும் குழாயைத் தன் கையாலேயே வெட்டிப் பற்றவைத்தான். விரிசல் விட்டது. பிரித்து மறுபடி பற்றவைத்தான். பதினோராவது தடவைதான் தாங்கி நின்றது. இரண்டு வருட ஞாயிற்றுக்கிழமைகள் அதிலேயே போயின.

ஸ்ரீசிட்டி கம்பெனியில் உதயாவோடு வேலை செய்கிறவர்கள் பெரிய பைக்குகளில் லடாக் போகத் திட்டம் போட்டார்கள். அவனுக்கும் ஆசை பற்றிக்கொண்டது. காரை விற்றால்தான் பைக். போனில் விளம்பரம் போட்டான்.

முதலில் வந்தவர் ஓட்டிப் பார்த்து அசந்துபோனார். வேலை எங்கே நடந்தது என்று கேட்டார். உதயா பெருமையாக ஷெட்டுக்கே கூட்டிப்போனான். காலனிக்குள் திரும்பியதுமே அவர் முகம் சுருங்கிவிட்டது. ஷெட்டுக்குள் காலே வைக்கவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று போனவர் அப்புறம் போனையும் எடுக்கவில்லை. பத்து நிமிடத்துக்கு முன்னால் அவரைச் சீட்டோடு அழுத்திய அதே என்ஜின்தான். இரும்புக்குத் தெரியாத சாதி அவருக்குத் தெரிந்திருந்தது.

அடுத்து, திருப்பதியிலிருந்து ரகு என்பவர் பேசினார். இந்தத் தடவை உதயா அவரைச் சித்தூர் பைபாஸில் ஒரு பெட்ரோல் பங்குக்கு வரச் சொன்னான். வண்டியைப் பற்றிக் கேட்டால் பதில் சொல்ல நாகேந்திரனும் கூட வந்தான்.

ரகு பானட்டைத் தூக்கி, அந்தக் குழாயை விரலால் தடவிப் பார்த்தார்.

"சூப்பர் ஒர்க்கண்டி. யாரு பண்ணது?" என்றார் தெலுங்கு கலந்து.

நாகேந்திரன் ஓர் அடி முன்னால் வந்தான்.

"சென்னையில ஒரு பெரிய ஷாப், சார்" என்றான் உதயா.

"இவரு?"

"கூட வந்தவரு."

கேட்ட விலை கிடைத்தது. திரும்பும் பஸ்ஸில் உதயா அந்த முதல் ஆளைத் திட்டிக்கொண்டே வந்தான். நியாயமான திட்டுதான். நாகேந்திரன் கேட்டான்:

"அந்தச் சென்னைக்காரன் பேரு இன்னா, மச்சான்? நானும் அவனாண்ட போய் தொழில் கத்துக்கினு வரேன்."

பைக் வந்தது. உதயா லடாக்கும் போய் வந்தான். அங்கே எடுத்த படங்களை நாகேந்திரனுக்குக் காட்ட அவனுக்கு மனம் வரவில்லை. முதல் ஆள் செய்த அதே காரியத்தைத்தான் தானும் செய்தோம், அதுவும் நாகேந்திரனை எதிரில் நிறுத்திவைத்துச் செய்தோம் என்பது அவனை அரித்தது. ஒருநாள் ரகுவுக்குப் போன் போட்டு, வேலை செய்தது நாகேந்திரன்தான் என்று சொன்னான்.

ரகு சிரித்தார். "வண்டிய ஒரு பெங்களூர்க்காரருக்கு வித்துட்டேனே. சென்னை ஷாப்புன்னு சொன்னதாலதான் எடுத்தாரு. இப்ப எதுக்கண்டி அதெல்லாம்?"

உதயா அந்தப் பெங்களூர்க்காரரின் நம்பரைக் கேட்டான். ரகு தரவில்லை.