சைரன் கேட்டால் இறங்கக் கூடாது

எங்கள் வீட்டுக்குத் தினமும் சாயங்காலம் போலீஸ் வரும். நான் வேலை முடிந்து வந்து ஷூவைக் கழற்றிக்கொண்டிருப்பேன். கூடத்தில் சைரன் அலறும். எட்டிப் பார்த்தால் என் மகள் ஜான்சி சோபாவில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, டிவியில் மாட்டிய வீடியோ கேமில் ஒரு மஞ்சள் காரை ஓட்டிக்கொண்டிருப்பாள். பின்னால் நாலைந்து போலீஸ் கார்கள் துரத்தும். இவள் விளக்குக் கம்பம், கடை, பெட்ரோல் பங்க் எல்லாவற்றையும் இடித்துத் தள்ளிக்கொண்டு ஓடுவாள். ஒரு பொத்தானை அழுத்தினால் காரின் பின்பக்கம் நீலத் தீ சீறும், வண்டி பறக்கும். ரோட்டை மறித்து ஆணிப் பட்டை போட்டிருப்பார்கள். அதையும் ஏமாற்றிவிட்டு ஏதோ ஒரு சந்தில் காரை ஒளித்து நிறுத்திவிட்டுச் சிரிப்பாள். அமெரிக்கா வந்து இத்தனை வருடமாகியும் எனக்குப் பிடிபடாத விஷயம் இது. போலீஸிடமிருந்து தப்பி ஓடுவதைப் பிள்ளைகள் இங்கே விளையாட்டாக விளையாடுகிறார்கள். அதை வாங்கித் தருவதும் பெற்றவர்களாகிய நாங்கள்தான்.

எனக்குத் திண்டுக்கல் பக்கத்தில் அகரம். பத்தாவதோடு படிப்பு நின்றது. என் மனைவி லூர்து நர்ஸ். அவளுக்கு ஒஹையோவில் ஆஸ்பத்திரி வேலை கிடைத்தது. அவள் பின்னால் நானும் ஜான்சியும் வந்தோம். இங்கே ஒரு குடோனில் பெட்டி அடுக்குகிறேன். ஊரிலேயே நாலு பேர் நிற்கும் இடத்தில் பேச மாட்டேன். இங்கே கேட்கவே வேண்டாம். ‘தேங்க்யூ’, ‘சாரி’ இரண்டையும் வைத்துக்கொண்டு பொழுதை ஓட்டுகிறேன்.

தொண்ணூறுகளில் வேடசந்தூர் பக்கம் ஒரு நூல் மில்லுக்கு வேன் ஓட்டினேன். கிராமம் கிராமமாகப் போய் வேலைக்குப் போகிற பெண்களை ஏற்றிக்கொண்டு வருவேன். வழியில் போலீஸ் கை காட்டுவது வழக்கம். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு நாள், சீட்டில் உட்கார்ந்தபடியே ஜன்னல் வழியாக லைசென்ஸை நீட்டினேன். ஏட்டய்யா ரோட்டுக்கு அந்தப் பக்கம் புளியமரத்தடியில் நின்றிருந்தார். நகரவே இல்லை.

“என்ன தொரை, எறங்க மாட்டீகளோ? பல்லக்கு கொண்டாரச் சொல்லவா?”

வேனில் இருந்த பெண்கள் சிரித்துவிட்டார்கள். ஒருத்தி, “அண்ணனுக்குக் காலுல மருதாணி வச்சிருக்கு சார்” என்று வேறு எடுத்துக் கொடுத்தாள். அன்றைக்குக் கற்றுக்கொண்டேன். எஞ்சினை அணைத்துவிட்டு உடனே இறங்க வேண்டும். மடித்துக் கட்டிய கைலியை அவிழ்த்துவிட்டு, தோள் துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு, வண்டிப் புத்தகத்தோடு நாமே அவரிடம் போக வேண்டும். அவர் கத்தினால் இன்னும் வேகமாகப் போக வேண்டும். அவரை நம்மிடம் நடக்க வைத்தால் திமிர் என்று அர்த்தம். இதைப் படிக்கிற ஊர்க்காரர்களுக்கு இதையெல்லாம் நான் சொல்ல வேண்டியதில்லை. புத்தி யோசிக்கும் முன்னால் கால் தரையில் இருக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாதா கோவில் பூசை முடிந்து நானும் ஜான்சியும் காரில் வந்துகொண்டிருந்தோம். பின்னால் சிவப்பும் நீலமுமாக விளக்கு சுற்றியது. பின்விளக்கு ஒன்று எரியவில்லையாம். அது பிறகு தெரிந்தது. ஓரங்கட்டினேன். ஜான்சி காதில் பாட்டு மாட்டியிருந்தாள், கவனிக்கவில்லை. நான் கதவைத் திறந்து இறங்கி, சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு, பேப்பரை எடுக்கக் கோட்டுக்குள் கையை விட்டபடி போலீஸ் காரைப் பார்த்து நடந்தேன். அந்த ஆள் கதவுக்குப் பின்னால் நின்று ஏதோ கத்தினார். தாமதம் பண்ணுகிறேன் என்று நினைத்து நடையை எட்டிப் போட்டேன். மறுபடியும் கத்தினார். எனக்கு ஓட்டமே வந்துவிட்டது.

அப்போதுதான் அவர் கையில் துப்பாக்கியைப் பார்த்தேன்.

“அப்பா, போகாதீங்க! கைய வெளிய எடுங்க! மேல தூக்குங்கப்பா! நில்லுங்க!”

பிள்ளை குரல் கிழிந்துபோய்க் கேட்டது. கையைத் தூக்கினேன். பேப்பர்கள் ரோட்டில் பறந்தன. முட்டி போடச் சொன்னதாக அவள் சொன்னாள், போட்டேன். ஜான்சி இங்கிலீஷில் கத்திச் சொன்னதில் கொஞ்ச நேரத்தில் அவருக்கு விஷயம் விளங்கியது. சின்ன வயசுக்காரர்தான். துப்பாக்கியை உறையில் வைத்தார். ஜான்சியிடம் என்னவோ வெகுநேரம் தாழ்ந்த குரலில் சொன்னார். நான் இடையிடையே “தேங்க்யூ சார்” என்றேன்.

“என்ன தாயி சொல்றாரு?” என்று கேட்டேன்.

“அவரு பயந்துட்டாராம்ப்பா.”

“யாரப் பாத்து?”

“உங்களப் பாத்துத்தான்.”

என்னைப் பார்த்து ஒரு போலீஸ்காரர் பயந்தார் என்று ஊரில் சொன்னால் டீக்கடையில் ஒரு வாரத்துக்குச் சிரிப்பார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஜான்சி வீடு வரும்வரை இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

மறுநாளிலிருந்து எனக்குப் பாடம் ஆரம்பித்தது. இங்கே இறங்கி நடந்தால் அடிக்க வருகிறோம் என்று அர்த்தமாம், கோட்டுக்குள் கையை விட்டால் துப்பாக்கி எடுக்கிறோம் என்று அர்த்தமாம். சோபாவில் உட்கார வைத்து, கையில் அந்த விளையாட்டுக் கருவியைக் கொடுத்தாள். நான் சிவப்பு விளக்கில் எல்லாம் நின்று நின்றுதான் ஓட்டினேன். பின்னால் சைரன் கேட்டதும், “இப்ப என்ன செய்வீங்க?” என்றாள்.

“ஓரங்கட்டுவேன். ரெண்டு கையும் ஸ்டியரிங்ல. அவரு வார வரைக்கும் அசைய மாட்டேன்.”

“அப்ப ஏம்ப்பா எந்திரிச்சு நிக்கிறீங்க?”

குனிந்து பார்த்தேன். நின்றுகொண்டுதான் இருந்தேன். அதற்குள் டிவியில் போலீஸ் கார்கள் நாலு பக்கமும் வந்து என் காரை நசுக்கின, பிடிபட்டாய் என்று எழுத்து வந்தது.

“நாந்தான் ஒழுங்கா நின்னேனே. இவுககிட்ட பேப்பரக் காட்ட முடியாதா?”

“இதுல பேப்பரெல்லாம் கெடையாதுப்பா. ஓடணும், இல்லன்னா மாட்டணும்.”

இப்படிப் பல நாள். வாய் சரியாகச் சொல்லும், கால் கேட்காது. அவள் முதலில் சிரித்தாள், பிறகு கோபப்பட்டாள், பிறகு ஒரு நாள் கருவியைக் கீழே வைத்துவிட்டு, “நீங்க தனியா கார் எடுத்துட்டுப் போனா எனக்குப் பாடமே ஓடலப்பா” என்று அழுதாள். அப்பன் வீடு திரும்புவானா என்று பிள்ளை கவலைப்படுகிறது. தேற்றத் தெரியாமல் ஒன்று சொன்னேன்: “இங்கதான் தாயி எனக்குத் தெரியல. நம்ம ஊர்ல வந்து பாரு, அப்பாவுக்கு எல்லாம் தெரியும்.” அதிலிருந்து எனக்கு ஒரே ஆசைதான். ஒரு தடவையாவது, என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்த மனுசனாக அவள் கண்ணுக்கு நான் தெரிய வேண்டும்.

அடுத்த வருடம் உறவில் ஒரு கல்யாணத்துக்கு ஊருக்குப் போனோம். தம்பி அருளின் காரை நானே கேட்டு வாங்கி ஓட்டினேன். அருள் பக்கத்தில், லூர்தும் ஜான்சியும் பின்னால். செம்பட்டி முக்குக்கு முன்னால் போலீஸ் நின்று கை காட்டியது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது என்றால் நம்ப மாட்டீர்கள். ஓரங்கட்டி எஞ்சினை அணைத்தேன். எல்லாம் சரியாக இருந்தது. கை மட்டும் ஸ்டியரிங்கை விட்டு வரவில்லை.

“ஏய், யாருப்பா அது? எறங்கி வான்னு கும்பிட்டுச் சொல்லணுமோ?” என்று ஏட்டய்யா மரத்தடியிலிருந்து கத்தினார். கத்தலைக் கேட்டதும் பின் சீட்டிலிருந்து ஜான்சி என் சட்டைக் காலரைப் பிடித்தாள். “எறங்காதீங்கப்பா, ப்ளீஸ்.”

“எறங்குண்ணே. அந்தாளு கோவக்காரரு” என்றான் அருள்.

“எறங்காதீங்கப்பா!”

அருள் என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு தன் பக்கக் கதவைத் திறந்து, வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு ஓடினான். “ஐயா, கோவிச்சுக்காதீக. அண்ணன் வெளிநாட்டுலருந்து வந்திருக்காக, அவுகளுக்கு நம்ம ஊரு வழக்கம் தெரியாது” என்று அவன் சொல்வது எனக்குத் தெளிவாகக் கேட்டது.

என் பக்கக் கதவு திறந்திருந்தது. எப்போது திறந்தேன் என்று தெரியவில்லை. ஒரு கால் சூடான தாரில் ஊன்றியிருந்தது. இரண்டு கையும் ஸ்டியரிங்கில் இருந்தன. காலரை விடாமல் ஜான்சி பிடித்திருந்தாள். அருள் திரும்பி வரும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தேன்.