காசு கொடுத்து வாங்கின வாய்

நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலைக்கு டிராக்டரில் கரும்பு ஏற்றிப்போகிற சுப்புராயனுக்குத் தன் தங்கை புருஷன் கொளஞ்சியின் மேல் பல வருஷமாக ஆறாத வருத்தம். வருத்தம் என்று சொன்னால் அவர் ஒத்துக்கொள்ள மாட்டார். "வருத்தம்லாம் ஒண்ணும் கெடையாது. அவன் மூஞ்சியில முழிக்கப் பிடிக்கல, அவ்ளோதான்" என்பார்.

விஷயம் இதுதான். கொளஞ்சி சிதம்பரத்தில் வாடகைப் பாத்திரக் கடை வைத்திருக்கிறவன். கடை நன்றாக ஓடி மாடி வீடு கட்டினான். குடிபோகிற நாளைக்கு மச்சானை எப்படி அழைக்க வேண்டும்? புருஷனும் பெண்டாட்டியுமாக நெல்லிக்குப்பத்துக்கு வந்து, தட்டில் வெற்றிலை பாக்கு பழம் வைத்து, பத்திரிகையை இரண்டு கையாலும் நீட்டி, "கட்டாயம் வந்துடணும்" என்று சொல்ல வேண்டும். கொளஞ்சி மெசேஜ் போட்டான். 'புதுமனை புகுவிழா. அனைவரும் வருக.' கீழே ஒரு குத்துவிளக்குப் படம்.

அதையாவது பொறுத்துக்கொண்டிருக்கலாம். ஆலை ரோட்டில் பஞ்சர் ஒட்டுகிறவனுக்கும் அதே மெசேஜ், அதே குத்துவிளக்கு. "அண்ணே, மாப்ள வீட்டுக்குப் போறப்ப என்னையும் டிராக்டர்ல ஏத்திக்குங்க" என்று அவன் வந்து நின்றபோது சுப்புராயனுக்கு உச்சந்தலை வரை எரிந்தது. விசேஷத்துக்குப் போகவில்லை. அதற்குப் பிறகும் போகவில்லை.

மற்றபடி கொளஞ்சி கெட்டவன் இல்லை. கல்யாண மண்டபங்களின் பின்கட்டில் அண்டா கழுவி, மூன்று சக்கர வண்டியில் பாத்திரம் ஏற்றித் தள்ளி, சொந்தக் கடைக்கு வந்தவன். ஒரே ஒரு குறை, பேச்சு திக்கும். முதல் எழுத்திலேயே, சேற்றில் மாட்டிய டயர் மாதிரி அதே இடத்தில் சுற்றும். "நா... நா..." என்பான். "நாலு அண்டாவா? சரி, அனுப்பு" என்று எதிராளி முடித்துவிட்டுப் போய்விடுவான். அவன் சொல்ல வந்தது 'நாளைக்குத் தரேன்' என்று.

செல்போனில் தமிழில் எழுதலாம் என்று தெரிந்த நாளிலிருந்து கொளஞ்சி வேறு ஆள். ஆர்டர் மெசேஜில், துக்கம் விசாரிப்பது மெசேஜில். கடை வாசலில் உட்கார்ந்துகொண்டு பின்னால் அடுப்படியில் இருக்கிற பெண்டாட்டி மாலதிக்கு 'காபி' என்று போடுவான். கோபம் வந்தாலும் டைப் அடித்துத்தான் திட்டுவான். அவள் படிக்காமல் விட்டுவிட்டால் சண்டை அத்தோடு முடிந்தது.

இப்போது மகள் சத்யப்பிரியாவுக்குக் கல்யாணம் கூடியிருந்தது. தாய்மாமன் இல்லாமல் மணவறை ஏது? மாலதி போனில் அழுதாள்.

"அண்ணே, நீ வந்து மாலை எடுத்துப் போடலன்னா என் பொண்ணு தலைய நிமுந்து உக்காருவாளா?"

"அழைக்கிற மாதிரி அழைச்சா வர்ற மாதிரி வருவேன். மெசேஜ் வந்துச்சுன்னா, நானும் ஒரு குத்துவிளக்கு அனுப்பிடுறேன், ஏத்திக்குங்க" என்று வைத்துவிட்டார்.

இந்த நேரத்தில்தான் அந்தச் செய்தி வந்தது. ஒவ்வொரு மெசேஜுக்கும் வரி போடலாம் என்று ஏதோ ஒரு குழு யோசனை சொல்லியிருக்கிறதாம். கரும்பு வெட்டு சமயம். ஆலை வாசலில் டிராக்டர்கள் வரிசை கட்டி நிற்க, ஓட்டுகிறவர்கள் எல்லாம் இன்னாசிராஜ் டீக்கடையில்தான் கிடந்தார்கள்.

"எங்க பங்குக் கோயில் குரூப்புல தெனம் ஒரு வசனம் வருது. ஆண்டவர் வார்த்தைக்கும் வரியா?" என்றார் இன்னாசிராஜ்.

"வசனத்த வுடு. என் பொண்டாட்டி அனுப்புற மளிகை லிஸ்டுக்கு நான் டிராக்டர வித்தாத்தான் ஆவும்" என்றான் ஒருவன்.

"குட் மார்னிங்குக்கு மட்டும் ஜாஸ்தி போடட்டும்பா. ரோஜாப் பூ வெச்சு வந்தா அதுக்குத் தனியா."

கடை முழுக்கச் சிரிப்பும் ஏச்சுமாக இருந்தபோது சுப்புராயன் ஒருவர்தான் டீயை ஆற்றிக்கொண்டு சந்தோஷமாக உட்கார்ந்திருந்தார். "போடட்டும். நல்லா போடட்டும். அப்பவாவது மனுசன் மனுசன் வீட்டுக்கு வருவான்" என்றார்.

அன்று சாயங்காலம் கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் கடைவீதிக்காரர்கள் ஊர்வலம் விட்டார்கள். அட்டையில் ஆளுயரத்துக்குச் செல்போன் செய்து, பாடையில் வைத்து, மாலை போட்டு, சங்கு ஊதி, பறை அடித்து எடுத்துப் போனார்கள். டீக்கடை டிவியில் அது ஓடியது. அழ வேண்டிய ஊர்வலத்தில் முன்னால் போனவர்கள் எல்லாம் ஆடிக்கொண்டு போனார்கள்.

திடீரென்று திரையில் கொளஞ்சி. ஏதோ கல்யாணத்துக்குப் பாத்திரம் இறக்கக் கடலூர் வந்தவன், கூட்டத்தில் வண்டியோடு மாட்டிக்கொண்டு, கையில் ஒரு கரண்டியுடன் நின்றான். டிவிக்காரப் பெண் மைக்கை நீட்டினாள்.

"சொல்லுங்க சார், இந்த வரியப் பத்தி என்ன நினைக்கிறீங்க?"

"எ... எ... எ..."

அந்தப் பெண் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மைக்கைப் பக்கத்து ஆளிடம் திருப்பினாள். கொளஞ்சி கரண்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மைக்கைப் பிடித்து நிறுத்தினான். இன்னொரு கையால் போனை எடுத்துக் கட்டை விரலால் தட்டினான். தட்டி முடித்துக் காமிராவுக்கு நேரே காட்டினான். அந்தப் பெண்ணே வாய்விட்டு வாசித்தாள்.

'எனக்குப் பேச்சு வரும். நேரமாகும். அதுவரைக்கும் யாரும் நிக்க மாட்டாங்க. இது நான் காசு குடுத்து வாங்கின வாய். இந்த வாய்க்கும் வரியா?'

இன்னாசிராஜ் டீ ஆற்றுவதை நிறுத்தி, "யாருய்யா இந்த ஆளு, பின்னிட்டான்" என்றார்.

"எங்க மாப்ள" என்றார் சுப்புராயன். அவரைக் கேட்காமலே அது வாயிலிருந்து வந்துவிட்டது. "எந்தங்கச்சி வூட்டுக்காரன்."

வீட்டுக்கு வந்தும் அந்த 'யாரும் நிக்க மாட்டாங்க' அவரை விடவில்லை. கொளஞ்சி வாயைத் திறந்தால் முதலில் முடித்துவைக்கிற ஆள் அவர்தானே. டீசல் கறை படிந்த பெருவிரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடி, வாழ்நாளில் முதல் தடவையாக ஒரு மெசேஜ் அடித்தார். 'நல்லா கேட்ட மாப்ள.'

பதில் வரவில்லை. தும்மினால்கூட மெசேஜ் போடுகிறவன் வாயை மூடிக்கொண்டான். சுப்புராயன் போனை எடுத்து எடுத்துப் பார்ப்பதைக் கண்டு அவர் மனைவி இளவரசி, "என்னாங்க, எவளுக்காவது லெட்டர் போட்டுட்டு உக்காந்திருக்கீங்களா?" என்றாள்.

இரண்டொரு நாளில் அந்த வரி யோசனையையே கைவிட்டுவிட்டார்கள் என்று செய்தி வந்தது. கடலூரில் வெடி வெடித்தார்கள். இன்னாசிராஜ் எல்லாருக்கும் டீயோடு பட்டர் பிஸ்கட் கொடுத்தார். சுப்புராயனும் ஒன்று எடுத்துக்கொண்டார்.

மறுநாள் காலையில் வாசலில் கொளஞ்சியும் மாலதியும் நின்றார்கள். அவன் கையில் தட்டு.

"வாங்கண்ணே, வா மாலதி" என்று இளவரசி ஓடினாள்.

சுப்புராயன் எழுந்திருக்கவில்லை. "என்னா மாப்ள, வரிக்குப் பயந்துகினு நேர்ல வந்துட்டியா?"

"அதத்தான் நேத்தே எடுத்துட்டாங்களே" என்றாள் இளவரசி.

சுப்புராயன் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். எப்போதும் போல மாலதி புருஷனுக்காகப் பேச வாயெடுத்தாள். கொளஞ்சி கையைக் காட்டி அவளை நிறுத்தினான்.

"ம... ம... மச்சான்..."

அடுத்த வார்த்தை வரவில்லை. கழுத்து நரம்பு புடைத்தது. அவன் சொல்ல வந்தது அங்கிருந்த எல்லாருக்கும் தெரியும். அதை எடுத்துக் கொடுக்கச் சுப்புராயனுக்கு நாக்கு துறுதுறுத்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். அடுப்பில் பால் பொங்கி வழிகிற வாசனை வந்தது. இளவரசிகூட நகரவில்லை.

"சா... சாமிக்கு வெச்சிட்டு... மு... மு... முதல் பத்திரிகை... உ... உங்களுக்குத்தான். வ... வந்து முன்னால நிக்கணும்."

வேர்த்துக் கொட்டியிருந்தது அவனுக்கு. சுப்புராயனுக்கும்தான். தட்டை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

"நிக்கறேன் மாப்ள" என்றவர், அடுத்த மூச்சிலேயே, "ஆமா, அந்தப் பஞ்சர் கடைக்காரனுக்கு?" என்றார்.

"அ... அவனுக்கு மெசேஜ்."

மாலதிதான் முதலில் சிரித்தாள். பிறகு நிறுத்த முடியவில்லை யாராலும். பால் போனது போகட்டும் என்று இளவரசி கோழி அடித்துக் குழம்பு வைத்தாள். கொளஞ்சி மூன்று தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டான். பஸ் ஏற்றிவிடும் வரை சுப்புராயன் அவன் பையைத் தானே தூக்கி வந்தார்.

வீடு திரும்பி உட்காரவில்லை, போன் கூவியது. கொளஞ்சிதான்.

'மச்சான், ஒண்ணு கேக்க மறந்துட்டேன். கல்யாணத்தன்னிக்கு மண்டப வாசல்ல நின்னு வர்றவங்கள எல்லாம் வாங்கன்னு கூப்பிடணும். நான் நின்னா ஒருத்தர கூப்பிட்டு முடிக்கிறதுக்குள்ள பந்தி முடிஞ்சிடும். என் வாய்க்குப் பதிலா நீங்க நிக்கணும்.'

சுப்புராயன் அதை இளவரசிக்குப் படித்துக் காட்டினார். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "நீங்களா? உங்க மூஞ்சியப் பாத்தா வந்தவன் செருப்பக்கூட கழட்டாம அப்படியே திரும்பிடுவான்."

"ஏன், என் மூஞ்சிக்கு என்னா?" என்று அவர் முறைத்துக்கொண்டிருக்கும்போதே போன் மறுபடியும் கூவியது.

'கொஞ்சம் சிரிச்ச மாதிரி நில்லுங்க மச்சான்.'