ஏலக்காய் ஸ்டோருக்குள் ஒரு ஹார்டுடிஸ்க்

அந்த யோசனை தோன்றியபோது என் கையில் ஓர் ஈரச் சட்டை இருந்தது.

ஸ்வீடனில் நான் குடியிருக்கும் கட்டடத்தின் அடித்தளத்தில் எல்லோருக்கும் பொதுவாக 'த்வெட்ஸ்டூகா' என்றொரு சலவை அறை உண்டு. அதை ஒட்டித் துணி காயவைக்க ஒரு சின்ன அறை. பொத்தானை அமுக்கினால் சுவரிலிருந்து வெந்த காற்று வரும். சுவர்ப் பலகையில் நம் பூட்டை மாட்டி முன்கூட்டியே நேரம் பிடிக்க வேண்டும். வந்து ஓராண்டாகியும் அந்தக் கதவைத் திறந்ததும் ஒரு கணம் நின்றுவிடுகிறேன். முகத்தில் மோதும் அந்தக் காற்று எனக்கு முன்பே தெரிந்தது. போடி மலையில், குரங்கணிக்கு மேலே எங்கள் தோட்டத்தில், ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரைத் திறந்தாலும் இதே காற்றுதான். இங்கே வாசனை மட்டும் இல்லை.

நேற்று வெள்ளிக்கிழமை. சட்டையோடு கீழே இறங்குவதற்குச் சற்று முன்புதான் தங்கை மலர் தோட்டத்திலிருந்து அழைத்திருந்தாள். "அண்ணே, ஓடு வெலகி ராத்திரி பூராம் கம்ப்யூட்டர் மேலதான் சொட்டிருக்கு. சாச்சா தண்ணி ஊத்துதுண்ணே." 

மலர் தாவரவியல் படித்தவள். அழுகல் நோய் ஏலச்செடியில் எங்கே தொடங்கி எப்படிப் பரவுகிறது என்று, இரண்டு மழைக்காலம் முழுக்க ஒரே வரிசைச் செடிகளைப் படம் பிடித்திருக்கிறாள். அட்டை கடித்த காலோடு, குடையைக் கழுத்தில் இடுக்கிக்கொண்டு எடுத்த படங்கள். அவற்றை நம்பித்தான் ஆராய்ச்சிப் படிப்புக்கு விண்ணப்பித்தாள். திங்கட்கிழமை மதுரையில் நேர்காணல். மூலப் படங்களோடு வரச் சொல்லியிருக்கிறார்கள். அத்தனையும் இருப்பது, நான் கல்லூரிக் காலத்தில் வைத்திருந்து பிறகு தோட்டத்து வீட்டுக்குப் போன பழைய கம்ப்யூட்டரில் மட்டும். நான் வாங்கி அனுப்பிய புது லேப்டாப் போடியில் எங்கள் வீட்டுக்கு வந்த மறுநாளே, படங்களை அதற்கு மாற்ற ஜீப்பேறி மேலே போனவளுக்குத்தான் இந்தக் காட்சி. மதுரையில் இப்படிப்பட்டவற்றை மீட்டுத்தரும் கடை ஒன்றுக்குப் போன் செய்தேன். "விட்டுட்டுப் போங்க சார், பத்து நாள் ஆகும்" என்றார்கள்.

வெந்த காற்றில் நின்றபடி நினைத்தேன்: தண்ணீர் ஹார்டுடிஸ்கின் அடிப்புற மின்சுற்றுத் தகட்டை மட்டும்தான் நனைத்திருக்கும், உள்ளே போயிருக்காது. காயவைத்தால் போதும். காயவைப்பதுதானே எங்கள் குடும்பத் தொழில்!

ஸ்டோர்ச் சூட்டோடு ஒப்பிட்டுப் பார்க்க, அங்கே விரிப்புகளைக் காயப் போட்டிருந்த பக்கத்து வீட்டு கரினிடம் என் அரைகுறை ஸ்வீடிஷில் கேட்டேன்: "இந்த அறை எவ்வளவு சூடாகும்?" அவர் முகம் சிவந்தது. "மன்னிக்க வேண்டும், என் நேரம் முடிந்துவிட்டது" என்று பாதி ஈரமான விரிப்புகளை மளமளவென்று உருவத் தொடங்கினார். இல்லை இல்லை, ஒரு கம்ப்யூட்டர் பாகத்தைக் காயவைக்க வேண்டும் என்றேன். விரிப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சுவர் அறிவிப்பைக் காட்டினார். துணிக்கு மட்டும்.

எங்கள் மலையில் அப்படி அறிவிப்பு கிடையாது. பருவமழை இறங்கினால் தலையணை, தீப்பெட்டி எல்லாமே ஸ்டோருக்குத்தான் போகும். பள்ளிச் சீருடையை அங்கே காயவைத்துப் போட்டுக்கொண்டு போடியில் வகுப்புக்குள் நுழைந்தால், "பாயசம் வந்துருச்சுடா" என்று பின்வரிசையிலிருந்து குரல் வரும்.

ஆனால் ஸ்டோருக்கும் ஒரு சட்டம் உண்டு. அதைக் காப்பவர் அடுப்பு எரிக்கும் காசி அண்ணன். மலரின் போனில் அவர் முகம் வந்தது.

"அப்பு, உள்ள லோடு கெடக்கு. இப்பத் தகரத்தையும் ஒயரையும் கொண்டாந்து வச்சா அந்த வாடை பூராம் காயில ஏறிரும். மோந்து பாக்குற யாவாரி, இதென்ன கம்ப்யூட்டர் காயான்னு கேப்பான்."

"சின்னச் சாமான்தாண்ணே. செங்கல் அளவுகூட இல்ல."

"செங்கலா இருந்தா வச்சிருவேனே! விடிய லோடு எறக்கி அடுப்ப அவிச்சிருவேன். அதுக்கப்பறம் வெறும் ஸ்டோருதான். ஒங்க இஷ்டம்."

"ஸ்வீடன்ல இருந்துக்கிட்டு குரங்கணியில அடுப்பெரிக்கிற ஒரே ஆளு நீதாண்ணே" என்றாள் மலர். குரலில் கொஞ்சம் தெம்பு வந்திருந்தது.

இன்று காலை, வெப்பமானி ஐம்பதுக்குக் கீழே இறங்கிய பிறகே உள்ளே வைக்கச் சொன்னேன். வீடியோவில் அவள் கம்ப்யூட்டரின் திருகாணிகளைக் கழற்றி டிஸ்க்கை வெளியே எடுத்தாள். அதன் அடிப்புறப் பச்சைத் தகட்டில் ஈரம் மினுங்கியது. பருத்தித் துண்டில் பொதிந்து, சூட்டுக் குழாய்க்கு எட்டாமல் கம்பியில் தொங்கவிட்டாள். மதியம்வரை வெப்பமானியைக் காட்டு, காட்டு என்று அவளைக் கேட்டுக்கொண்டே இருந்தேன். சூடு அதிகமோ, போதாதோ? நான் வாயால் சொல்கிறேன். அது கெட்டால் கெடுவது அவளுடைய இரண்டு மழைக்காலம்.

அங்கே சாயங்காலம் ஆனதும், படங்களை மாற்ற லேப்டாப்போடு அனுப்பியிருந்த இணைப்புப் பெட்டியில் டிஸ்க்கைப் பொருத்தி, கரண்டில் செருகினாள். ஒன்றுமில்லை. பிறகு மெல்லிய ரீங்காரம். "சுத்துதுண்ணே! சுத்துது!" லேப்டாப் திரையில் கோப்புறைகள் திறந்தன. முதல் மழைக்காலத்துப் படங்கள் ஒவ்வொன்றாக ஏறத் தொடங்கின. அது முடிந்து இரண்டாவது தொடங்கிய நேரத்தில் 'டக்'. ரீங்காரம் அடங்கியது.

"கரண்டு போச்சு."

லேப்டாப்புக்கு பேட்டரி உண்டு, பெட்டிக்கு இல்லை. காசி அண்ணன் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். "மரம் சாஞ்சு கம்பி அந்து கெடக்கு. இன்னும் ரெண்டு நாளு மறந்துர வேண்டியதுதான்."

போடிக்குக் கொண்டுபோகலாம். ஆனால் பிழைத்தும் பிழைக்காமலும் இருக்கும் டிஸ்க், அந்த ஜீப் ரோட்டில் குலுங்கி இறங்கினால் மறுபடி சுற்றுமா? அப்போதுதான், "பெட்டியோட அடாப்டர்ல என்ன எழுதியிருக்கு, வாசி" என்றேன்.

"பன்னெண்டு வோல்ட்டு." ஒரு நொடி கழித்து அவளே கேட்டாள்: "அண்ணே, ஜீப்பு பேட்டரியும் பன்னெண்டுதான?"

"அடுத்து ஜீப்புலயும் கைய வைக்கிறீகளா?" என்றது பின்னாலிருந்து காசி அண்ணனின் குரல். பிறகு, "சரி, விடிஞ்சதும் ஸ்டோர் வாசலுக்கே கொண்டாறேன். இருட்டுல ஒயரத் தொட வேணாம்."

போடியில் இதை வாசிக்கிறவர்களே, என்னைப்போல் வெளியூரில் கிடக்கிறவர்களே, ஒரு மழைக்காலம் லேப்டாப்புக்கு வந்துவிட்டது. இன்னொன்று பருத்தித் துண்டுக்குள், ஆறிக்கொண்டிருக்கும் ஸ்டோரில் தொங்குகிறது. நாளை காலை, என்ஜினை ஓடவிடாமல், ஜீப் பேட்டரியிலிருந்து இரண்டு ஒயர் இழுக்கப்போகிறோம். சிவப்பும் கறுப்பும் இடம் மாறினால் எல்லாம் கருகிவிடும். மலர் கை நடுங்காமல் பிடிக்க வேண்டும். நான் குரல் நடுங்காமல் சொல்ல வேண்டும்.

சற்று முன் கீழே போய், நாளை விடியற்காலைக்குப் பலகையில் என் பூட்டை மாட்டினேன். அங்கே அப்போது விடிந்திருக்கும். கரின் எட்டிப் பார்த்து, "மறுபடியும் துணியா?" என்றார். ஆமாம் என்றேன். துவைக்க ஒரு கைக்குட்டைகூட மிச்சமில்லை. வெறும் கொடிகளுக்கு நடுவே, அந்த வெந்த காற்றில் நின்றுகொண்டுதான் எந்த ஒயரை முதலில் தொட வேண்டும் என்று அவளுக்குச் சொல்லப்போகிறேன்.