சேர் மன்னித்த பிழை

எங்கள் அலுவலகத்தின் பின்புறம், வாவியைப் பார்த்தபடி, ஒரு தார்ப் பீப்பாய் நின்றது. மேல்மூடியை வெட்டியெடுத்து, அடியில் ஓட்டைகள் போட்டு, கடதாசி எரிப்பதற்கென்று வைத்திருந்தோம். சுனாமியில் சிதறிப் போனவர்களையும், அதற்குப் பிறகு சண்டையில் காணாமல் போனவர்களையும் பற்றி உறவினர்கள் தரும் விபரங்களைக் கணினியில் ஏற்றி வைப்பதுதான் எங்கள் வேலை. ஏற்றியதும் கடதாசியை எரித்துவிட வேண்டும். எங்கள் பக்கத்தில் இது ஒன்றும் புதினமான வழக்கம் இல்லை. சுற்றிவளைப்பு என்று காதில் விழுந்ததும் கடிதம், படம், கொப்பி எல்லாவற்றையும் அடுப்புக்குள் தள்ளாத வீடு மட்டக்களப்பில் குறைவு. பெயர் எழுதிய ஒரு துண்டு யாருடைய கையில் அகப்பட்டாலும் யாரோ ஒருவரின் உயிருக்கு ஆபத்து. எந்தப் பக்கத்துக் கை என்பதில்கூட அப்போது பெரிய வித்தியாசம் இருக்கவில்லை.

அந்த வேலைக்குப் பொறுப்பாக இருந்தவரை நாங்கள் சேர் என்றுதான் கூப்பிட்டோம். வெளிநாட்டில் படித்தவர், சுனாமிக்குப் பிறகு ஊருக்குச் சேவை செய்ய வந்தவர் என்று தானே சொல்லிக்கொள்வார். விபரங்களை வேறு யாரும் வாசிக்க முடியாதபடி மறைத்து எழுதும் நிரல் நூலகத்தை, அதாவது கணினிக்கான கட்டளைத் தொகுப்பை, அவர் தனியாளாக உட்கார்ந்து எழுதினார். கெட்டிக்காரர், அதில் எனக்கு இன்றைக்கும் மறுபேச்சு இல்லை. கெட்டிக்காரத்தனம் மனிதனை நல்லவனாக்கும் என்று யாராவது சொன்னால் அவரை என்னிடம் அனுப்பி வையுங்கள். தட்டெழுதும் அக்காவின் வாகரைப் பேச்சை அவர் முன்னாலேயே சேர் பேசிக் காட்டுவார். நாங்கள் சிரிக்கும்வரை விடமாட்டார். அக்காவும் சேர்ந்து சிரிப்பார், அதுதான் எனக்குப் பொறுக்காது.

அக்காவுக்குச் சிரிக்க அதிகம் இருக்கவில்லை. வாகரையில் கடற்கரையோரம் இருந்த வீட்டையும் தாய் தகப்பனையும் ஒரே காலையில் கடல் எடுத்துக்கொண்டது. மிஞ்சியது அக்காவும் தம்பியும்தான். முகாமில் அடையாள அட்டைக்கென்று தம்பியைப் படம் பிடித்து ஒரு பிரதி கொடுத்தார்கள். பழைய படங்கள் எல்லாம் கடலோடு போனபடியால் அவனுடைய முகம் இருந்தது அந்த ஒன்றில் மட்டுந்தான். பிறகு வாகரையில் சண்டை வந்து சனமெல்லாம் காட்டுவழியாக இடம்பெயர்ந்தபோது இவர்களும் கிரான் பக்கம் வந்து ஒரு முகாமில் இருந்தார்கள். ஒருநாள் மண்ணெண்ணெய் வாங்கச் செங்கலடிக்குப் போன தம்பி திரும்பி வரவில்லை. யார் கொண்டுபோனார்கள் என்று கேட்டால் சந்தியில் நின்ற எல்லோரும் தங்களுக்குத் தெரியாது என்றார்கள். அக்கா படத்தைப் பொலித்தீனில் சுற்றிச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு வேலைக்கு வருவார்.

இனி அந்த நூலகத்தின் குறையைச் சொல்லியாக வேண்டும். அது விளங்காவிட்டால் மற்றது விளங்காது. மேசைகளில் இருந்த கணினிகள் விண்டோஸ் வகை. எல்லாவற்றையும் வாங்கிச் சேமிக்கும் பெரிய கணினி லினக்ஸ் வகை. சேரின் நூலகம் இரண்டிலும் ஓட வேண்டும். இரண்டு பேர் ஒரே நேரத்தில் பதிவு அனுப்பினால் பெரிய கணினி அந்த வேலையை இரண்டு இழைகளாக, அதாவது பக்கம் பக்கமாக ஓடும் இரண்டு வேலைகளாக, ஓட்டும். இரண்டு இழையும் ஒரே இடத்தில் நின்று பதிவைத் திறக்கும் இரகசியச் சாவியைத் தயாரித்தால் ஒன்றின் பாதி மற்றதற்குள் கலந்துவிடும். அதனால் ஒன்று உள்ளே போனதும் பூட்டிக்கொள்ள வேண்டும், மற்றது வெளியே நிற்க வேண்டும். பூட்டுகிற விதம் இரண்டு வகைக் கணினிக்கும் வேறு வேறு. விண்டோசுக்குச் சேர் ஒழுங்காக எழுதியிருந்தார். லினக்சுக்குப் பூட்டு என்று பெயரை மட்டும் எழுதி, உள்ளே ஒன்றுமே எழுதாமல் விட்டிருந்தார். பூட்டு என்றால் பூட்டியாயிற்று என்று பதில் வரும், பூட்டு மட்டும் இருக்காது. சுனாமி முகாம்களில் அவசரத்துக்குக் கட்டிய கழிப்பறைகள் அப்படித்தான் இருந்தன: கதவு இருக்கும், உள்ளே கொண்டி இருக்காது.

இது நெடுநாள் வெளியே தெரியாமல் இருந்ததற்குக் காரணம் எங்கள் ஜெனரேற்றர். மின்சாரம் வருவதும் போவதுமாக இருந்த காலம். அந்தக் கிழட்டு இயந்திரம் பெரிய கணினியையும் ஒரேயொரு மேசைக் கணினியையும் மட்டும்தான் தாங்கும். ஆகவே ஒருவர் பதிவை ஏற்றி முடித்து, தன் கணினியை அணைத்துவிட்டுக் கையைத் தூக்குவார். அதற்குப் பிறகுதான் அடுத்தவர் தொடங்குவார். மின்சாரம் இருக்கிற நேரத்திலும் அந்தப் பழக்கம் விட்டுப் போகவில்லை. சேர் எழுதாத பூட்டை அக்காவும் ஏறாவூரிலிருந்து வரும் இன்னொரு பெண்ணும் கையைத் தூக்கித் தூக்கிப் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

புது ஜெனரேற்றர் வந்த அன்று சேருக்கு ஒரே புளுகம், கால் நிலத்தில் படவில்லை. "இனி ஆரும் பள்ளிக்கூடப் பிள்ளையள் மாதிரிக் கை தூக்கத் தேவையில்ல. எல்லாரும் ஒண்டா ஏத்துங்க" என்றார். அன்றைக்குத்தான் அக்காவைத் தன் தம்பியின் விபரத்தையும் ஏற்றச் சொன்னார். அக்கா படத்தை ஸ்கான் செய்துவிட்டு, அதை மட்டும் தானே வைத்துக்கொள்ளலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். "உமக்கெண்டு தனிச் சட்டமோ? செக்கிங்கில அந்தப் படத்தோட பிடிபட்டா நாங்க எல்லாரும் உமக்குப் பின்னால வர வேணும். கம்பியூட்டர் உம்மட சட்டைய விடப் பத்திரம்" என்றார் சேர். முகம் சிவக்க அக்கா திரும்பி வந்து பாஸ்வேட்டை அடித்துப் பதிவை அனுப்பினார். அடுத்த மேசையில் ஏறாவூரிலிருந்து வரும் பெண்ணும் அதே நேரம் தன் கையில் இருந்த பதிவை அனுப்பினாள். இரண்டு திரையிலும் பத்திரமாகச் சேமிக்கப்பட்டது என்று வந்தது. அக்கா பின்னால் போய்ப் பீப்பாய்க்குள் படத்தைப் போட்டார். அது முழுதாகச் சுருண்டு கருகும்வரை பார்த்துக்கொண்டே நின்றார்.

ஒரு கிழமைக்குப் பிறகு, பதிவுகள் சரியாக ஏறியிருக்கின்றனவா என்று திறந்து பார்க்கும் முறை என்னுடையது. அந்த இரண்டும் திறக்கவில்லை. ஏறாவூர்ப் பெண் ஏற்றிய குடும்பத்தைத் தேடிப் பிடித்து மறுபடியும் விபரம் வாங்கிவிடலாம். அக்காவுக்கு அது முடியாது, படம் எரிந்து போயிற்று, மேசைக் கணினிகளிலும் நாங்கள் எதையும் மிச்சம் வைப்பதில்லை. நான் ஒரேநேரத்தில் இரண்டு இரண்டாகப் பொய்ப் பதிவுகளை அனுப்பிப் பார்த்தேன். அதே மாதிரிக் குழம்பின. நிரலைத் திறந்தால் பூட்டு என்ற பெயருக்குக் கீழே இரண்டு அடைப்புக்குறிகள், நடுவில் வெறுமை. சேரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவருக்கு விளக்கம் தேவைப்படவில்லை. பார்த்த மாத்திரத்திலேயே கழுத்துவரை வியர்த்துவிட்டது. பிறகு நிமிர்ந்து, எல்லோருக்கும் கேட்க அக்காவைக் கூப்பிட்டு, "நீர் பாஸ்வேட்டப் பிழையா அடிச்சிருக்கிறீர். உம்மட தம்பிட பதிவு போயிட்டுது" என்றார்.

"அக்காட பிழை இல்ல சேர், பூட்டு..." என்று நான் தொடங்கினேன். "நீர் வெளியில போம்" என்றார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்று சொல்வார்கள். நான் அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன். அக்கா தன் வலக்கை விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அழவில்லை. "சேர், என்னை மன்னிச்சுக் கொள்ளுங்க" என்றார். தன் தம்பியின் முகத்தை இழந்தவர் அதை அழித்தவரிடம் மன்னிப்புக் கேட்டார். சேர் கொஞ்ச நேரம் யோசிக்கிற மாதிரி இருந்துவிட்டு, "சரி, இந்த முறை விடுறன். வேலையால நிப்பாட்டல்ல" என்றார். அன்று பின்னேரமே பூட்டை எழுதி முடித்துவிட்டார். எல்லாமாக நாலைந்து வரிதான்.

பஸ் நிறுத்தத்தில் வைத்து நான் அக்காவிடம் நடந்ததைச் சொன்னேன். "வெளிநாட்டில படிச்ச மனுசன் ஏன் தம்பி பொய் சொல்லப் போறார்?" என்று என்னையே திருப்பிக் கேட்டார். அந்தப் பதிவைத் திறக்க நான் முயலாத வழி இல்லை. சாவி இல்லாமல் எவராலும் திறக்க முடியாது என்பதுதான் அந்த நூலகத்தின் பெருமை. அது மட்டும் ஒரு பிழையும் இல்லாமல் வேலை செய்தது. அதற்குப் பிறகு சேர் அக்காவின் பேச்சைப் பேசிக் காட்டவில்லை, தேவையும் இருக்கவில்லை. எது பிழைத்தாலும் "தம்பிட படத்தையே துலைச்ச ஆள்தானே" என்பார். அக்கா தலையைக் குனிந்துகொண்டு இன்னும் கொஞ்ச நேரம் நின்று வேலை செய்வார். சண்டை முடிந்த வருடம் அந்த வேலையும் முடிந்தது. சேர் வெளிநாட்டுக்குத் திரும்பிப் போனபோது அக்கா பலகாரம் சுட்டுக்கொண்டு வந்து கொடுத்தார். எனக்கு அந்த மனிதரின் சட்டையைப் பிடிக்க வேண்டும் போல் இருந்தது.

சில வருடங்களுக்குப் பிறகு சேர் தன் நூலகத்தின் கதையை இணையத்தில் எழுதியிருந்தார். ஆரம்பத்தில் லினக்சுக்கான பூட்டு வெறுமையாக இருந்ததாம், சில பதிவுகள் அழிந்தனவாம், நல்ல பாடமாம். வேடிக்கையாக எழுதியிருந்தார். வாசித்தவர்கள் கீழே சிரித்துப் பதில் போட்டிருந்தார்கள். அதைத் தொலைபேசியில் எடுத்துக்கொண்டு நான் அக்காவைத் தேடிப் போனேன். காணாமல் போனவர்களின் தாய்மார் படங்களை மடியில் வைத்துக்கொண்டு பதில் கேட்டு வீதியோரம் போராட்டத்தில் குந்தியிருந்தார்கள். அக்கா அவர்களோடு வெறுங்கையோடு இருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாக வாசித்து விளங்கப்படுத்தினேன். இந்த முறை அவர் நம்பினார், முகத்தில் தெரிந்தது. எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாகக்கூட இருந்தது.

"தம்பி," என்றார் அக்கா. "என்ட விரல் பிழைச்சது எண்டா அது ஒரு விரல்ட பிழை, அவன் உள்ளுக்கு இரிக்கான், திறக்கத்தான் ஏலாது. அவன் கம்பியூட்டருக்குள்ள பத்திரமா இரிக்கான் எண்டு நினைச்சித்தான் படத்த நெருப்புல போட்டன். நீங்க வாசிக்கிறது மெய்யெண்டா, நான் போடக்குள்ள அங்க உள்ளுக்கு அவன் இல்ல. என்ட கையில இருந்த ஒண்டுதான் அவன். அத நான் நிண்டு பாத்து எரிச்சிருக்கன்." என் கையிலிருந்த தொலைபேசியை என் பக்கமே தள்ளினார். "அத எனக்குத் தராதீங்க தம்பி. என்ட பிழையாவே இருக்கட்டும். அதுக்காவது சேர் என்னை மன்னிச்சார்."

நான் தொலைபேசியைப் பைக்குள் வைத்தேன். அப்போது கமராவோடு வந்த ஒருவர், படம் வைத்திருப்பவர்கள் மட்டும் முன்னால் இருக்கும்படி கேட்டார். அக்கா எழும்பி, சீலையைத் தட்டிவிட்டு, எல்லோருக்கும் பின்னால் போய் இருந்தார்.